ஓடைக்கரையில ஒரு ராத்திரி: இன்னும் போகாத டூர் பத்தி

பொங்கல் முடிஞ்சு ஒரு சனி, ஞாயிறு கொல்லிமலை மேல ஒரு ஓடைக்குப் பக்கத்துல டென்ட் அடிச்சு ஒரு ராத்திரி தங்கணும். நாலு பேர். மேட்டர் இவ்வளவுதான். இதுக்குப் போய் மூணு வாரமா ஹாஸ்டல் மொட்டை மாடியில பஞ்சாயத்து நடக்குது. புராஜெக்ட் ரிவ்யூவுக்குக் கூட நாங்க இவ்வளவு பேசினதில்லை.

ஆளுங்களை ஊர் பேர்லயே சொல்லிடறேன், ஹாஸ்டல்லயும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் ராசிபுரம். அப்புறம் ஆத்தூரான், சங்ககிரியான், பரமத்தியான். நாலு பேரும் சமவெளிப் பசங்க. எங்க ஊர்ப்பக்கம் ஆறுன்னா வருஷத்துல பாதி நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான். திருமணிமுத்தாறுல தண்ணி வந்தா வேடிக்கை பார்க்கப் போவோம். அந்த மாதிரி ஊர்ல பொறந்தவனுக்கு, மலை மேல கல்லுக்கு நடுவுல சலசலன்னு ஓடற தண்ணிக்குப் பக்கத்துல படுத்துத் தூங்கணும்கறது எவ்வளவு பெரிய ஆசைன்னு ஊட்டிக்காரங்களுக்குப் புரியாது.

ஆனா இந்த டூருக்கு ஒரு பழைய கதை இருக்கு. அதைச் சொல்லாம பிளானைச் சொன்னா அர்த்தமில்லை.

முதல் வருஷம், ஐப்பசி மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை ஏழு பேர் கொல்லிமலை அடிவாரத்துல ஒரு ஓடைக்குப் போனோம். பேர் வேண்டாம். பாறை மேல அடுப்புக் கூட்டி சிக்கன் பிரியாணி. ஐடியா என்னோடது, அடுப்புக்கு இடம் பார்த்ததும் நான்தான். ஓடைக்கு நடுவுல மேடா, மட்டமா, சுத்தியும் கணுக்கால் தண்ணி. போட்டோவுக்கு அவ்வளவு அம்சமா இருந்துச்சு. நல்ல வெயில். மலை உச்சியில மட்டும் கன்னங்கரேல்னு மேகம். சங்ககிரியான்தான் கேட்டான், "மாப்ள, மேல மழை மாதிரி இருக்கேடா?" நான் சொன்ன பதில் இன்னிக்கும் ஞாபகமிருக்கு: "அது மேலடா. நம்ம மேலயா பெய்யுது?"

முதல்ல தண்ணி நிறம் மாறுச்சு. டீ மாதிரி. அப்புறம் சருகு, குச்சி எல்லாம் கும்பலா மிதந்து வந்துச்சு. நாங்க அதையும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையும். பத்து நிமிஷம் கூட இருக்காது, கணுக்கால் தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. ஆறு பேர் தாவிக் கரைக்கு வந்துட்டோம். சங்ககிரியானுக்கு நீச்சல் தெரியாது. அவன் இன்னும் உயரமா இருந்த ஒரு பாறை மேல ஏறிட்டான். ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னான். பக்கத்துத் தோப்புல இருந்தவங்க கிணத்துக்குப் போடற வடக்கயிறு கொண்டுவந்து வீசி, இடுப்புல கட்டச் சொல்லி இழுத்தாங்க. பிரியாணி, அடுப்பு, எங்கம்மாவோட பெரிய பித்தளைப் போசி எல்லாம் போச்சு. "போசி ஹாஸ்டல்ல தொலைஞ்சு போச்சும்மா"ன்னு வீட்ல சொன்னேன். சங்ககிரியான் அவங்க வீட்ல எதையுமே சொல்லலை.

அதுக்கப்புறம் அவன் தண்ணி இருக்கற பக்கமே வர மாட்டான். ஒகேனக்கல் போனப்பக் கூட பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டான். அவன்தான் போன மாசம் திடீர்னு, "கடைசி வருஷம்டா. ஒரு தடவை ஒழுங்காப் போயிட்டு வருவோம்"னான். ஒழுங்காங்கற வார்த்தையை அழுத்திச் சொன்னான். அதனாலதான் இந்த மூணு வாரப் பஞ்சாயத்து.

முதல் ஐடியா ஆத்தூரானோடது: ஆகாய கங்கைக்குக் கீழயே டென்ட். கேட்க நல்லாத்தான் இருக்கு. அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டி ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும், எல்லா மூட்டையும் தூக்கிக்கிட்டு. அது போகட்டும், காட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குப் போய் ராத்திரி தங்க முடியாது. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், 1882ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம். 2018 மார்ச் 11ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டின மலையேற்றக் குழுவில 23 பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்குன்னே தனி விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன்ல பதிவு பண்ணி, வழிகாட்டியோட போகற மாதிரி செஞ்சாங்க. அப்ப நமக்குக் காடு கிடையாது. பட்டா நிலம்தான் வேணும், அதுக்குச் சொந்தக்காரர் சம்மதமும் வேணும்.

இங்கதான் எங்க ஜூனியர் ஒருத்தன் கைகொடுத்தான். அவன் கொல்லிமலைக்காரன். செம்மேட்டுல இருந்து கொஞ்சம் தள்ளி அவங்களுக்கு மிளகு, காப்பித் தோட்டம். தோட்டத்து ஓரமா ஓடை. அவங்கப்பாகிட்ட போன்ல பேசினோம். நான் ரொம்ப விவரமா, "ஐயா, ஓடைக்கு ஒட்டின மாதிரி மட்டமா மணல் இடம் ஏதாவது இருக்குங்களா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டார்.

"மட்டமா இருக்குன்னா தண்ணி வந்து மட்டமாக்கியிருக்குன்னு அர்த்தம் தம்பி. அங்க படுக்காதீங்க. இன்னொண்ணு, ஓடைக்குப் பக்கத்துல படுத்தா காது கேட்காது."

காது கேட்காதுன்னா? விளக்கினார். ஓடைச் சத்தம் ராத்திரியில மத்த எல்லாச் சத்தத்தையும் முழுங்கிடும். பன்னி வந்தாலும் தெரியாது, யாராவது கூப்பிட்டாலும் தெரியாது, மேல இருந்து வெள்ளம் வர்ற சத்தமும் பக்கத்துல வர்றவரைக்கும் தெரியாது. நான் எந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு இவ்வளவு தூரம் போறேனோ, அதுதான் அங்க ஆபத்து. மூணு வாரத்துல நான் படிச்ச அத்தனை கேம்பிங் கட்டுரையிலயும் இந்த ஒரு வரி என் கண்ணுல படலை.

அப்புறம் உக்காந்து தேடிப் படிச்சேன். 1996 ஆகஸ்ட் 7, ஸ்பெயின் நாட்டுல பிரனீஸ் மலை, பியெஸ்காஸ்ங்கற ஊர். மலை ஓடை ஒண்ணு சமவெளிக்கு இறங்கற வாய்ல, விசிறி மாதிரி விரிஞ்ச வண்டல் மேட்டுல ஒரு கேம்பிங் மைதானம். சாயங்காலம் மலை மேல பேய்மழை. ஓடை பழைய வழியைத் தேடி இறங்குச்சு. 87 பேர் போயிட்டாங்க. அந்த மேட்டை உருவாக்கினதே அந்த ஓடைதான், ஆயிரக்கணக்கான வருஷமா கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டி. ஜூனியரோட அப்பா போன்ல சொன்னதும் இதேதான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? 2024 மே 17ல பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த செய்தியை சங்ககிரியான்தான் எனக்கு அனுப்பினான். ஒரு வார்த்தை எழுதலை, செய்தி மட்டும்.

நாங்க சிவில் படிக்கிறோம்னு சும்மா பேரு. கணக்குப் போட்டுப் பார்த்தா ஹைட்ராலஜி பேப்பர்ல படிச்சதுதான். ஒரு சதுர கிலோமீட்டர் சரிவு, அதுல வெறும் 10 மில்லிமீட்டர் மழை. சேலத்துல 10 மில்லி பெஞ்சா பேப்பர்ல கூட வராது. ஆனா அது ஒரு கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரில சொல்லணும்னா 830 லாரிக்கு மேல. எல்லாமே ஓடைக்கு வந்துடாது, மண்ணு கொஞ்சம் குடிக்கும். ஆனா பாறைச் சரிவு, ஏற்கெனவே நனைஞ்ச மண்ணுன்னா பெரும்பங்கு கீழதான் வரும், அதுவும் மொத்தமா ஒரு சின்ன இடுக்கு வழியா. வேகமா ஓடற தண்ணி அரை அடி இருந்தாலே ஆளை நிலைதடுமாற வைக்கும்கறாங்க. இந்த சப்ஜெக்ட்ல நான் எடுத்தது 47 மார்க். அந்தப் பாறை மேல நின்னது நானா இருந்திருந்தா 90 எடுத்திருப்பேனோ என்னவோ :-)

சரி, எப்பப் போறது? ஆடி 18 ஒட்டி வல்வில் ஓரி விழா, கூட்டம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு, ஏற்காடு மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தை நிறுத்தினாங்க. மாசி, பங்குனி காஞ்சு கிடக்கும், தீ பயம். சித்திரை, வைகாசி கோடை இடிமழை, அதுதான் சாயங்காலத்துல சொல்லாம கொள்ளாம வர்றது. கழிச்சுக் கழிச்சுப் பார்த்தா தை மாசம்தான் மிஞ்சுது. மழை விட்டிருக்கும், ஓடையில தண்ணியும் இருக்கும். குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினா சுமார் ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு. நாமக்கல்ல விடிகாலை 19ன்னா அங்க 13. பரமத்தியான் 13 டிகிரின்னா பெருசா ஒண்ணுமில்லைங்கறான். 25 டிகிரிக்கே ஃபேனை நிறுத்தச் சொல்றவன் இவன்.

டென்ட் விஷயம் ஒரு தனிக்கதை. நாலு பேர் டென்ட்னு ஆன்லைன்ல விக்கறாங்களே, அது நாலு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்தா. ஹாஸ்டல் ரூம்ல விரிச்சுப் படுத்துப் பார்த்தோம் (சீனியர்கிட்ட இரவல்). மூணாவது ஆள் திரும்பிப் படுத்தா நாலாவது ஆள் வெளிய. மூட்டைக்கு இடமே இல்லை. அதோட தையல் வழியா தண்ணி வேற இறங்குது, பக்கெட்ல ஊத்திப் பார்த்துட்டோம். வார்டன் வந்து பார்த்துட்டு எதுவும் கேட்காமப் போயிட்டார்.

அப்பத்தான் எங்க பெரியப்பா ஞாபகம் வந்துச்சு. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். நாமக்கல் ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர் இருக்கும்போது மழைக்கு எதுக்குங்க பயப்படணும்? அவர்கிட்ட கேட்டேன், பழைய தார்ப்பாய் ஒண்ணு எடுத்துப் போட்டார். பாதி கிழிஞ்சது, மீதி டென்டுக்கு மேல கூரையா இழுத்துக் கட்டத் தாராளமாப் போதும். "கயிறு கட்டத் தெரியுமாடா?"ன்னார். தெரியும்னு சொல்லிக் கட்டிக் காட்டினேன். ஒரே இழுப்புல அவுத்துட்டார். கயித்துல நடுவுல ஒரு சுருக்கு, நுனியைக் கொக்கியில மாட்டித் திருப்பி அந்தச் சுருக்குக்குள்ள விட்டு கீழ இழுத்தா கப்பி மாதிரி இறுகும். அஸ்ஸாமுக்கும் குஜராத்துக்கும் லோடு போனப்ப இந்த முடிச்சுதான். பேர் என்னன்னு கேட்டேன். "முடிச்சுக்கு எதுக்குடா பேரு? லோடு இறுக்கற முடிச்சு." நெட்ல தேடினா வெள்ளைக்காரனும் இதுக்கு 'ட்ரக்கர்ஸ் ஹிட்ச்'னுதான் பேர் வச்சிருக்கான்! லாரிக்காரர் முடிச்சு. பெரியப்பாகிட்ட சொன்னேன், பெருசா கண்டுக்கலை.

இடம் முடிவாயிடுச்சு. ஓடையில இருந்து நல்லா மேட்டுல, ஜூனியர் வீட்டுக்காரங்க சாமை அடிக்கற பாறைக் களம். டென்ட் ஆணி பாறையில இறங்காது, அதனால சாக்குல கல்லைக் கட்டி கயிறு மாட்டணும். ஓடை தெரியும், சத்தம் லேசாத்தான் கேட்கும்கறார். மேட்டுல இருந்தாலும் அங்க போனதும் முதல் வேலை என்னன்னு நாங்களே ஒரு விதி வச்சிருக்கோம்: ஓடைக்கரை மரங்களைப் பார்க்கறது. போன வெள்ளத்துல வந்த சருகு, பிளாஸ்டிக் கவர் எல்லாம் கிளையில எந்த உயரத்துல மாட்டியிருக்குன்னு பார்த்தா தண்ணி எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு அதுவே சொல்லிடும். ராத்திரி இருட்டுல ஓடுறதுக்கு வழியையும் பகல்லயே ஒரு தடவை நடந்து பார்த்துடணும். ஓடைக்குப் பகல்ல மட்டும் போறது, தண்ணி நிறம் மாறினா, குச்சி சருகு வந்தா, பேச்சே இல்லாம மேட்டுக்கு ஏறிடறது. செருப்பு, போன், போசி எது கீழ இருந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதைச் சொன்னது சங்ககிரியான்.

மத்தது எல்லாம் சில்லறை. பைக்ல போகலாம்னு ஆத்தூரான் குதிச்சான். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பிரேக்கையே பிடிச்சுக்கிட்டு வந்தா சூடேறி பிடிக்காமப் போகும்னு பெரியப்பா ஒரே போடா போட்டார். பஸ்தான். சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சோறு, ஒரே குக்கர்ல முடிஞ்சிடும். நாமக்கல் பசங்க முட்டை இல்லாமப் போனா ஊர்ல சேர்க்க மாட்டாங்க, அதனால 24 முட்டை, வீட்லயே வேகவச்சு எடுத்துக்கறது. பச்சை முட்டையோட 70 வளைவு ஏறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மேல போய் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்கணும்னு பரமத்தியான் ஒரே அடம். சின்ன கேஸ் அடுப்பு, டென்டுக்குள்ள பத்த வைக்கக் கூடாது, புகையே தெரியாம கார்பன் மோனாக்ஸைடு ஆளைத் தூக்கிடும். ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேல மாடு, தோட்டம் எல்லாம் இருக்கு, கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். அப்புறம், 'அந்த' விஷயத்துக்கு மண்வெட்டி எடுத்துக்கிட்டு ஓடையில இருந்து 200 அடி தள்ளி. ஜூனியர் வீட்ல கக்கூஸ் இருக்கேடான்னு சங்ககிரியான் கேட்டான். நாங்க மூணு பேரும் அதைப் பத்தி யோசிக்கவே இல்லை, ஹி ஹி.

எல்லாம் ரெடி. கடைசியா வீட்ல சொல்லணும். போன ஞாயிறு ராசிபுரம் போயிருந்தப்ப அம்மாகிட்ட ஆரம்பிச்சேன். களம், தார்ப்பாய், ஜூனியரோட அப்பா நம்பர் எல்லாம் வரிசையா சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கேட்டுச்சு.

"ஏஞ்சாமி, ஓடைத் தண்ணிக்கு இவ்வளவு ரோசனை பண்றயே, உனக்கு எப்ப இருந்து இந்தப் புத்தி?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரலை. ஐப்பசி மாசம், பாறை, டீ நிறத் தண்ணி, போசி எல்லாத்தையும் கொட்டிட்டேன். அம்மா கீரையை அப்படியே வச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. போசிக்குத் திட்டும்னு நினைச்சேன், அது அவங்க கல்யாணத்துக்கு வந்த போசி. அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

"பாறையில நின்னது அந்த சங்ககிரிப் பையனா? தீபாவளிக்கு வந்து முறுக்கு தின்னானே, அவனா?"

"ஆமாம்மா."

"அவங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்கம்மாளுக்குச் சொல்லிட்டு அவங்க போகச் சொன்னா நீயும் போ. இல்லைன்னா யாரும் போக வேண்டாம். நீ இடம் பார்த்த பாறைதான அது?"

ஹாஸ்டலுக்கு வந்து அவன்கிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசாம தார்ப்பாய்க் கயித்தை எடுத்து ஜன்னல் கம்பியில அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்தான். நாலாவது தடவை சரியா வந்துச்சு. அப்புறம், "நான் தனியாச் சொல்ல மாட்டேன்டா, நீயும் வா"ன்னான்.

வர்ற சனிக்கிழமை மத்தியானம் கிளாஸ் முடிஞ்சதும் சங்ககிரி பஸ் ஏறறோம்.